கீழிருந்து நான்கு வரி

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த ஆங்கிலப் பத்திரிகையில் எனக்கு எழுதுகிற வேலை இல்லை. அடுத்தவர்கள் எழுதியதைப் பக்கத்தில் பொருத்துகிற வேலை. லே-அவுட் என்பார்கள். தலைப்பு இங்கே, படம் அங்கே, மிச்ச இடத்தில் செய்தி என்று வெளியே நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் முதலில் விளம்பரம்தான் வந்து உட்காரும். அது காலை நீட்டிப் படுத்தது போக மிஞ்சிய இடத்தில்தான் உலக நடப்பெல்லாம் ஒண்டிக்கொள்ளும். பத்தொன்பது வருஷம் இந்த வேலையைச் செய்தேன். என் பெயர் ஒரு நாளும் அச்சில் வந்ததில்லை. வரவில்லையே என்று நான் அழவும் இல்லை. ஆனால் அங்கே ஒரு சாயங்காலம் நான் அரை நிமிஷத்தில் செய்த ஒரு காரியம் கடல் தாண்டி ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வார இறுதிப் பக்கங்களின் ஆசிரியரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

அவர் அயர்லாந்துக்காரர். அதை நான் தெரிந்துகொண்ட விதமே ஒரு கூத்து. பத்திரிகையின் ஆண்டு மலரில் ஊழியர்கள் எல்லோருடைய படத்தையும் போட்டு, படத்துக்குக் கீழே அவரவர் நாட்டுக் கொடியை வைக்கச் சொன்னார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த அவருக்கு நான் பிரிட்டிஷ் கொடியை வைத்துவிட்டேன். ப்ரூஃபைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். கத்தவில்லை. சிவப்புப் பென்சிலால் அந்தக் கொடியை மெதுவாகக் குத்திக் குத்திக் காட்டினார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "வெள்ளைக்காரங்கன்னா எல்லாம் ஒண்ணுதானே பாஸ்" என்று சொல்லிவிட்டேன். "அப்ப உம்ம படத்துக்குக் கீழே டெல்லிக்காரர்னு போட்டா சும்மா இருப்பீரா?" என்றார். இருக்கமாட்டேன்தான். கொடியை மாற்றினேன். அன்று சாயங்காலம் கஃபட்டீரியாவில் இரண்டு பேரும் சேர்ந்து கரக் சாயா குடித்தோம்.

அவர் பேசியது ஆங்கிலத்தில். அதை நான் தமிழில் எழுதும்போது எங்கள் ஊர்க் கடற்கரையில் சமவயதுக்காரர்கள் பேசிக்கொள்கிற 'நீரு'தான் அவர் வாய்க்குப் பொருத்தமாக வருகிறது. சமவயது என்று சொல்லக்கூடாது. என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். ஆனால் சார் என்று கூப்பிட்டால் திரும்பியே பார்க்கமாட்டார். பாஸ் என்றேன். ஆபீசில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி அவரும் என்னை ஹிந்தியில் பாய், அதாவது அண்ணன், என்றார்.

அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு சின்னத் தீவில் பிறந்தவர். அப்பா மீன்பிடித்தவர். என் அப்பாவும் அதேதான். மரச்சட்டத்தின் மேல் கித்தான் துணியை இழுத்துக் கட்டி, தார் பூசி, அதில் கடலுக்குப் போவார்கள் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. எங்கள் வள்ளத்தைப் பற்றி நான் சொன்னதை அவரும் நம்பினாரா தெரியாது. இரண்டு பேரும் படகில் ஏறப் பயந்து படிப்புப் பக்கம் ஓடியவர்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. நான் ஊர்ப் பங்குக் கோயில் அச்சகத்தில் டிடிபி படித்தேன். அவர் பக்கத்து நகரத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் சேர்ந்து, இருபத்தாறு வயதில் ஒரு மெல்லிய கவிதைப் புத்தகம் போட்டிருக்கிறார். அந்த வாரப் பத்திரிகையை மூடியதும் இரண்டு வருஷம் மட்டும் என்று சொல்லி ரியாதுக்கு விமானம் ஏறியிருக்கிறார். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நானும் இரண்டு வருஷம் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். வளைகுடாவுக்கு வருகிற எவனும் இரண்டு வருஷத்துக்கு மேல் சொன்னதில்லை.

ரியாதில் அவர் நம் ஆட்கள் கூடுகிற பத்தா கடைத்தெருவில் தங்கியிருந்தார். கம்பெனி கொடுத்த நல்ல வீடு வேறெங்கோ இருந்தது. அங்கே சும்மா பேசுவதற்கு ஆள் இல்லை என்று பத்தாவில் ஒரு மலையாளி ஹோட்டலுக்கு மேல் அறை எடுத்துக்கொண்டாராம். விடுமுறை நாளில் டெலிபோன் கேபின் வாசலில் நம் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் ஒரே வெள்ளைக்காரராக அவரும் நிற்பார். அவருடைய தீவில் அப்போது வீட்டுக்கு வீடு போன் கிடையாது. தபாலாபீசில் மணி அடித்தால் அங்கிருக்கும் அம்மாள் போனை மேஜையில் வைத்துவிட்டு அவருடைய அக்காவைக் கூப்பிட ஓடுவாராம். அக்கா வந்து சேர்வதற்குள் ஏழெட்டு நிமிஷம் ஆகிவிடும். அந்த ஏழெட்டு நிமிஷமும் காலியான தபாலாபீசின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஜன்னலில் காற்று அடிப்பது கேட்கும், யாரோ நாயை அதட்டுவது கேட்கும். "அக்கா பேசுறதைவிட அதைக் கேக்கத்தான் போன் பண்ணினேன்" என்று ஒரு தடவை சொன்னார்.

அந்த அக்காதான் அவருக்கு மிச்சம் இருந்த ஒரே வீடு. கல்யாணம் செய்துகொள்ளாதவர். இவரும் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்தபோது இவர் ஊருக்குப் போகவில்லை. விசா மாற்றுகிற சமயம், பாஸ்போர்ட் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, கையில் இருந்தது என்று காரணம் சொல்வார். சொல்லிவிட்டு வேறு எங்கோ பார்ப்பார். அக்காவுக்குக் காது போனபிறகு போன் நின்றது. கடிதம்தான். மாதம் ஒரு முறை வார இறுதிப் பக்கங்களை அடுக்கி, கட்டி, தபாலில் அனுப்புவார். அந்த அம்மாள் வேறெதையும் பார்ப்பதில்லை. கவிதைப் பெட்டியை மட்டும் வாசித்துவிட்டு, எது தேறும் எது தேறாது என்று எழுதுவார். பெரும்பாலும் எதுவும் தேறாது.

கவிதைப் பெட்டி என்பது எங்கள் பக்கத்தின் கீழ் மூலையில் இருந்தது. வாசகர்கள் அனுப்பும் கவிதைகள். பிலிப்பைன்ஸ் நர்ஸுகள், புனே எஞ்சினியர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லோரும் அனுப்புவார்கள். எல்லாவற்றையும் அவர் ஒன்று விடாமல் வாசிப்பார். பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, பொன் நகைக் கடைக்காரர் போலத் தட்டிப் பார்ப்பார். அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஆசிரியன் எழுதியது அவன் பத்திரிகையில் வரக்கூடாது. இது முதல் சட்டம். இரண்டாவது எனக்குப் போட்டது: இடம் போதவில்லை என்றால் யாரையும் கேட்காதே, கீழிருந்து வெட்டு. செய்தி எழுதுகிறவர்கள் முக்கியமானதை மேலே வைத்து, போனால் போகட்டும் என்பதைக் கடைசியில் வைப்பார்கள். ஆகவே எந்தப் பத்திரிகையிலும் லே-அவுட்காரன் கை தானாகவே கீழேதான் போகும். "வெட்டினதுக்கு அப்புறமும் நிக்கலைன்னா எழுதினவன்தான் சரியில்லை" என்பார். கவிதைக்கும் அதே சட்டமா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

என் வீட்டம்மா ஊரில் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிற நேரத்தில் போன் பண்ணுவாள். எங்களுக்கு அது மத்தியானம் மூன்று மணி. மூத்தவளின் நர்சிங் பரீட்சை, சின்னவளின் பிடிவாதம், கூரைத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் பேசி முடித்துக் கடைசியில் ஒரே கேள்வி வரும்.

"சரி, எப்ப வாறிய?"

"அடுத்த வருசம் பாப்பம்."

"சரி, வைக்கேன்."

ஒரு நாள் பாஸ் பக்கத்து மேஜையிலிருந்து கேட்டார்: "உம்ம மனைவி கடைசியில தினமும் ஒரே ராகத்தில என்னமோ கேக்காங்களே, என்ன அது?" சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்க அக்கா அதையே காகிதத்தில கேக்காங்க" என்றார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்து அக்காவிடமிருந்து வந்த கடிதம் வழக்கமானது இல்லை. அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. வீட்டில் ஈரம் ஏறுகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை. இறந்துபோன அண்ணனின் மகன் தன் மனைவி பிள்ளைகளோடு அந்த வீட்டுக்கு வரத் தயாராக இருக்கிறான். வீட்டை அவன் பெயருக்கு எழுதி வைத்தால் அக்காவையும் வைத்துப் பார்த்துக்கொள்வான். ஆனால் அம்மா வீட்டை உனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே நீ வருகிறாயா, இல்லையா? ஈஸ்டருக்குள் எனக்கு நேராகப் பதில் சொல். நீ வருவதாக இருந்தால் நான் அவனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அவ்வளவுதான் கடிதம்.

அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் சுற்றினார். எனக்கு எரிச்சலாக வந்தது. தினமும் ஊரார் எழுதியதை எல்லாம் குத்திக் குடைந்து திருத்துகிற மனுஷனுக்கு ஒரு வரி எழுத என்ன கேடு? கேட்டும் விட்டேன். "திருத்துறது வேற பாய்" என்றார்.

என் சித்தப்பா மகன் புஜைராவில் எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் டெக்னீஷியன். ஒரு விடுமுறை நாளில் அவனைப் பார்க்கப் போனேன். இவரும் கூட வந்தார், இவருடைய காரில்தான் போனோம். தம்பிக்கு டியூட்டி முடியவில்லை. கடற்கரையில் உட்கார்ந்து பொரித்த மீன் தின்றுகொண்டு காத்திருந்தோம். தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரம் போட்டு வரிசையாக நின்றன. அன்றைக்குத்தான் அவர் மனம் விட்டுப் பேசினார். வீட்டுக்குப் போனால் முதல் நாள் காலையில் என்ன செய்வார் என்று சொன்னார். எழுந்ததும் அடுப்பில் கரி போடுவார். அக்கா திட்டுவார், அந்தக் கரி இல்லை, இந்தக் கரி என்று. அதற்கு அப்புறம் தீவின் மறுகோடி வரைக்கும் நடப்பார். முக்கால் மணி நேரம்தான். அங்கே சுவர் இடிந்த ஒரு கல் வீடு இருக்கிறது, அதன் காற்று மறைவில் உட்கார்ந்து சுருட்டுக் குடிப்பார். யாராவது அந்த வழியாக வந்தால், நேற்றுத்தான் பார்த்த மாதிரி, "மழை வரும் போல" என்பார்கள். "அவ்வளவுதான் பாய். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அவருக்காகக் கலங்கினேனா, எனக்காகவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்று அவர் போகத்தான் விரும்பினார் என்பதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

"அப்ப எழுதிருங்க, வாறேன்னு" என்றேன்.

"எழுதுறேன். ஆனா கடிதமா இல்லை" என்றார்.

நோன்பு மாதம் தொடங்கின முதல் வாரம் அதைக் கொண்டுவந்தார். ஒரு கவிதை. பத்தொன்பது வரி. அக்கா வாசிக்கிற ஒரே இடம் கவிதைப் பெட்டி. ஆகவே பதில் அதில்தான் வர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். தன் முதல் சட்டத்தைத் தானே உடைக்கிறோம் என்கிற வெட்கம் முகம் முழுக்க இருந்தது. பெயர் போடவில்லை, இனிஷியல் இரண்டு எழுத்து மட்டும். என்னைத் தவிர ஆபீசில் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லியிருக்கமாட்டார், பக்கம் என் கையில் இருந்ததால் சொன்னார்.

"வருவதா சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன்."

எனக்கு மேலே இரண்டு மூன்று வரி படிக்கத்தான் நேரம் இருந்தது. அக்கா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொடியில் துணி காயப்போடுகிறார் என்று ஆரம்பித்தது. பெட்டியில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்தேன். உட்கார்ந்தது. அவர் ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மனைவியைப் பிரசவ வார்டில் விட்டவர் போல, இருக்க முடியாமல் கிளம்பிப் போய்விட்டார். போனையும் அணைத்துவிட்டார்.

நோன்பு மாதத்தில் பக்கங்களை இஃப்தாருக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். நோன்பு திறக்க இருபது நிமிஷம் இருக்கிறது. எல்லோரும் பேரீச்சம்பழத் தட்டோடு சாப்பாட்டு அறைக்கு நகர்ந்துவிட்டார்கள். அப்போது விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு ஆள் ஓடிவந்து, சூப்பர்மார்க்கெட் விளம்பரம் பெரிதாகிவிட்டது, புதுசு அனுப்பியிருக்கிறேன், "யல்லா பாய், ஜல்தி" என்று சொல்லிவிட்டு அவனும் சாப்பாட்டு அறைக்கு ஓடினான். விளம்பரத்தை வைத்தேன். அரிசி மூட்டையும் சமையல் எண்ணெய் டின்னும் கவிதைப் பெட்டியை மேலே தள்ளின. நான்கு வரிக்கு இடம் இல்லை. அவருக்குப் போன் பண்ணினேன், ஸ்விட்ச் ஆஃப். மேலே இருந்த செய்தியில் வெட்டியிருக்கலாம். படத்தைச் சுருக்கியிருக்கலாம். நான்கு வரியையும் சின்ன எழுத்தில் நெருக்கியிருக்கலாம். இத்தனை வழியும் மறுநாள்தான் தோன்றின. இத்தனை வருஷப் பழக்கம். கை தானாகக் கீழே போயிற்று. கடைசி நான்கு வரிகளை அழித்தேன். இப்போது கடைசியாக நின்ற வரியைப் பார்த்தேன். முற்றுப்புள்ளி இருந்தது. நன்றாகத்தான் முடிகிறது என்று நினைத்துப் பக்கத்தை அனுப்பிவிட்டு, நானும் ஒரு பேரீச்சம்பழம் தின்னப் போனேன்.

மறுநாள் அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பத்திரிகை முன்னால் விரிந்து கிடந்தது. நான் ஏதோ பெரிய உபகாரம் செய்தவன் போலப் பக்கத்தில் போய், "எப்படி இருக்கு பாஸ்?" என்றேன்.

"நாலு வரி காணோம்."

"விளம்பரம் பெருசாயிட்டு. உங்களுக்கு அடிச்சுப் பாத்தேன், போன் ஆஃப். அதான் கீழேருந்து வெட்டினேன்."

"ஆமா" என்றார். "நான்தான சொல்லிக்கொடுத்தேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. அந்த நான்கு வரியில் என்ன இருந்தது என்று அப்போதுதான் கேட்டேன். சொன்னார். உருளைக்கிழங்கு நடுகிறதுக்குள் வந்துவிடுவேன், கதவைத் தாழ் போடாதே, என் கட்டிலுக்கு மேல் இருக்கும் ஜன்னலைத் திறந்து வை, இந்த முறை இது சத்தியம் என்பதுதான் அந்த நான்கு வரியின் சாரம்.

பத்திரிகையை இழுத்துப் பார்த்தேன். அச்சில் இருந்த கவிதை எப்படி முடிந்தது தெரியுமா? அக்காவின் வாயில் துணிக்கு மாட்டுகிற கிளிப்புகள்; வாய் நிறையக் கிளிப்புகளை வைத்துக்கொண்டு உன்னால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாது. முற்றுப்புள்ளி. வருகிறேன் என்று சொல்ல எழுதிய கவிதையில் வருகிறேன் என்பதை மட்டும் நான் பிடுங்கி எறிந்திருந்தேன். வீட்டைப் பற்றி அக்கா கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. திருத்தம் போடலாம் என்றால், இரண்டு எழுத்துக்காரரின் கவிதைக்குத் திருத்தம் போட யார் ஒப்புவார்கள்? சாயங்காலம் நேராகத் தொழில்பேட்டையில் இருக்கும் எங்கள் அச்சகத்துக்குப் போனேன். அங்கே ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார். பத்திரிகைக் காகிதம் ஒரு துண்டு கேட்டேன்.

"எதுக்குண்ணே?"

"ஒரு பக்கம் ப்ரூஃப் மெஷின்ல அடிக்கணும். நிஜப் பேப்பர் மாதிரியே இருக்கணும்."

"ஒரே ஒரு பக்கத்துக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

வந்தேன். அரிசி மூட்டையையும் எண்ணெய் டின்னையும் தூக்கி எறிந்துவிட்டு, பத்தொன்பது வரியும் இருக்கிற பக்கமாகப் போட்டு, அந்தக் காகிதத்திலேயே அடித்தேன். மடித்துப் பார்த்தால் கடையில் வாங்கின பத்திரிகை மாதிரியே இருந்தது. மறுநாள் அதை அவர் கையில் கொடுத்து, "இதை அனுப்புங்க பாஸ். அக்காவுக்கு வித்தியாசமே தெரியாது" என்றேன். வாங்கிக்கொண்டார். என் தோளில் கை வைத்து, நீரு நல்ல மனுஷர் என்றார். அன்றே தபாலில் சேர்த்துவிட்டதாகவும் சொன்னார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஈஸ்டர் போயிற்று. நோன்புப் பெருநாளும் போயிற்று. அவர் லீவுக்கு எழுதிக் கொடுக்கவில்லை, ராஜினாமாவும் கொடுக்கவில்லை. அக்கா பதில் வரட்டும் என்று காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் கடிதம் வந்தது. படித்துவிட்டு என் பக்கம் நீட்டினார். பெரிய பெரிய எழுத்து.

கவிதை கிடைத்தது என்று எழுதியிருந்தார் அக்கா. இத்தனை வருஷத்தில் நீ அனுப்பியதிலேயே தேறியது இது ஒன்றுதான். எப்போதும் எதையாவது சத்தியம் செய்து முடிப்பாய், இந்த முறை செய்யவில்லை, அதற்கு நன்றி. வீட்டை அண்ணன் மகன் பெயருக்கு எழுதிவிட்டேன். அவனுடைய இளையவளுக்கு உன் அறை பிடித்துப்போயிற்று. உன் புத்தகங்களைப் பெட்டியில் கட்டி, ஈரம் படாத இடத்தில் வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இரண்டு தடவை படித்தேன். இந்த முறை சத்தியம் செய்யவில்லை என்று இருக்கிறதே? நான் அச்சடித்துக் கொடுத்த பக்கத்தில் அந்த வரி இருந்ததே? நிமிர்ந்து பார்த்தேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து நான் கொடுத்த காகிதத்தை எடுத்து வைத்தார். நான் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.

"எதை அனுப்புனீங்க?"

"பத்திரிகையில வந்ததை."

"ஏன்?"

காகிதத்தை மறுபடியும் டிராயருக்குள் வைத்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு உமக்கு முன்னாடி வந்து வாசிச்சேன்ல? பதினஞ்சு வரியோட நிறுத்திப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. இருபத்தேழு வருசத்தில நான் அக்காவுக்கு எழுதினதிலேயே பொய் இல்லாத காகிதம் அது ஒண்ணுதான். அதில நாலு வரியை மறுபடியும் ஒட்ட எனக்கு மனசு வரலை."

"புஜைராவில அழுதீங்களே, அதுவும் பொய்யா?"

"அது பொய் இல்லை பாய். போகணும்னு ஆசை இருக்கு. அந்த ஆசையோடதான் நான் இங்க இருக்கேன். போயிட்டா என்னத்தை வச்சுக்கிட்டு இருக்கிறது?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு கிழவியின் வீட்டை நான்தான் வெட்டிவிட்டேன் என்று அன்றெல்லாம் புழுங்கியவன், காகிதத்துண்டுக்காகத் தொழில்பேட்டைக்கு ஓடியவன். வாய்க்கு வந்தபடி கத்தினேன். கோழை என்றேன், கவிதைக்காக அக்காவை விற்றவர் என்றேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. திட்டத் திட்ட எனக்கே ஒன்று உறைத்தது: இதில் ஒரு சொல்லாவது என் மேல் ஒட்டாமல் போகுமா? அங்கேயே நிறுத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

படிக்கட்டில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மணி மூன்றாகப் போகிறது. வீட்டம்மா கூப்பிடுவதற்கு முன்பு நானே கூப்பிட்டேன்.

"என்ன, நீங்களே அடிக்கிய? காய்ச்சல் கீச்சலா?" என்றாள். பின்னால் அங்கன்வாடிக் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு கேட்டா நேராச் சொல்லணும். நான் ஊரோட வரமாட்டேன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

வேறு யாராக இருந்தாலும், அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். அவள் கொஞ்சம் யோசித்தாள். நிஜமாகவே கணக்குப் பார்த்துச் சொல்கிறவள் போல யோசித்தாள்.

"சின்னவ பொறந்த வருசமே தெரியும்" என்றாள்.

சின்னவளுக்குப் பதினாறு வயது.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் தினமும் எப்ப வாறியன்னு கேக்க?"

"கேக்காம விட்டா நீங்க சங்கடப்படுவியல்லா" என்றாள்.